முதல் ஸ்டீரியோ வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் அளவான பணம், பாட்டு முழுக்க ஆப்பில்தான், சிடியோ ரெக்கார்டோ கிடையாது, வீட்டில் வைக்க முதல்முறையாக ஓர் உருப்படியான செட் வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும் கீழே. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்துதான்: பணத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போகட்டும், கவனத்தின் பெரும்பகுதி அதை எங்கே வைப்பது என்பதற்குப் போகட்டும், மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தால் போதும்.

ஒரு நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கரே போதாதா?

வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்குப் போதும், அதில் தப்பே இல்லை. ஆனால் உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் போதாது. இரண்டு ஸ்பீக்கரைத் தள்ளித் தள்ளி வைத்து எதிரே நடுவில் உட்கார்ந்தால், பாடுபவரின் குரல் இரண்டுக்கும் நடுவே, ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து வரும். வயலின் இடது பக்கம், தபலா வலது பக்கம் சற்றுப் பின்னால் என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்காரும். ஆலன் ப்ளூம்லின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததும் இதற்காகத்தான். இன்றும் பெரும்பாலான பாட்டுகள் இப்படி இரண்டு ஸ்பீக்கரில் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் மிக்ஸ் செய்யப்படுகின்றன. ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் பெட்டி மேல் ஸ்டீரியோ என்று எழுதலாம், காதுக்கு அது ஒரே புள்ளிதான்.

சரி, மொத்தமாக என்னென்ன தேவை?

இணையத்திலிருந்து பாட்டை எடுக்க ஒரு ஸ்ட்ரீமர், டிஜிட்டலை மின்சிக்னலாக மாற்ற ஒரு டாக், அந்தச் சிக்னலைப் பெருக்க ஓர் ஆம்ப், கடைசியாக இரண்டு ஸ்பீக்கர். நான்கு தனிப் பெட்டி வாங்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஸ்ட்ரீமருக்குள்ளேயே டாக் இருக்கும், ஆம்ப் பல நேரம் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும், சில ஸ்பீக்கர்களில் எல்லாமே உள்ளேயே வந்துவிடுகிறது.

பவர்டு ஸ்பீக்கரா, பாசிவ் ஸ்பீக்கரும் தனி ஆம்பும் வாங்கலாமா?

அதிகம் குழம்புகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவர்டு என்றால் ஆம்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மலிவான ஜோடிகளில் பெரும்பாலும் ஒரு பெட்டியில் ஆம்ப் இருக்கும், இன்னொன்றுக்கு ஒரு வயர் போகும். எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் பொருந்தும் என்ற தலைவலி இல்லை, அதைத் தயாரித்தவரே பொருத்திக் கொடுத்திருக்கிறார். இடமும் மிச்சம். ஸ்டுடியோ மானிட்டர் என்று விற்கப்படுகிற ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் உயர் ஒலி தரும் ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப், கீழ் ஒலி தரும் வூஃபருக்கு ஓர் ஆம்ப் என்று தனித்தனியாகவே இருக்கும். கொடுக்கிற காசுக்கு ஒலி மிக நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு பெட்டிக்கும் தனித்தனிக் கரண்ட் வயர் வேண்டும், ரிமோட் பெரும்பாலும் இருக்காது, சிலவற்றில் பாட்டு ஓடாதபோது ட்வீட்டரில் லேசான உஸ்ஸ் சத்தம் கேட்கும். மேஜையில் வைத்து ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பவர் அந்த உஸ்ஸைக் கவனிப்பார், அறையின் மறுபக்கம் உட்காருபவர் கவனிக்க மாட்டார்.

பாசிவ் என்றால் உள்ளே ஆம்ப் இல்லை, அதன் பலம் ஆயுள். ஸ்பீக்கர் பெட்டிக்குள் ரெண்டு டிரைவர் (ட்வீட்டரும் வூஃபரும்), ஒலியை அவற்றுக்குப் பிரித்துத் தரும் ஒரு கிராஸ்ஓவர், அவ்வளவுதான். நல்ல ஜோடி இருபது முப்பது வருஷம் உழைக்கும், ஆம்ப் போனால் ஆம்பை மட்டும் மாற்றலாம். பவர்டு ஸ்பீக்கரில் உள்ளிருக்கும் போர்டு போனால், சரி செய்ய ஆள் கிடைக்காவிட்டால், நல்ல வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

என்னைக் கேட்டால், செட் அப் செய்து மறந்துவிட்டுப் பாட்டு மட்டும் கேட்க நினைப்பவர் பவர்டு வாங்கட்டும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கப் போகிறோம் என்று இப்போதே தெரிந்தவரும், பழைய சாமான் தேடி வாங்கத் தயாராக இருப்பவரும் பாசிவ் பக்கம் போகட்டும். எந்தப் பக்கம் போனாலும், 5 முதல் 6.5 இன்ச் வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி ஒரு சாதாரண அறைக்குச் சரியான அளவு. மேஜைக்கு 4 இன்ச் போதும். இதே விலையில் கிடைக்கிற ஆளுயர டவர் ஸ்பீக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். காசில் பாதி பெரிய மரப்பெட்டிக்குப் போயிருக்கும்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

தனித்தனியாக வாங்கினால் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு. மிச்சத்தில் முதலில் ஆம்ப், அப்புறம் ஸ்ட்ரீமர். வயருக்கும் ஸ்டாண்டுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு நல்ல ஆம்புக்கும் சுமாரான ஆம்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பல நேரம் உற்றுக் கேட்க வேண்டும், ஸ்பீக்கர் மாறினால் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியும்.

எத்தனை வாட்ஸ் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், உதாரணத்துக்கு 85 டெசிபல். ஏறத்தாழ 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் வரும் என்று அர்த்தம், அதுவே காதை நிறைக்கிற சத்தம். அங்கிருந்து ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும். 10 வாட்டில் 95 டெசிபல், 100 வாட்டில் 105. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். அதனால் 50 வாட் ஆம்புக்கும் 60 வாட் ஆம்புக்கும் ஒரு டெசிபல்கூட வித்தியாசம் இல்லை. வாட்ஸைவிட சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள்: 88 டெசிபல் ஸ்பீக்கர், 85 டெசிபல் ஸ்பீக்கர் கேட்பதில் பாதி வாட்ஸிலேயே அதே சத்தம் தரும்.

இன்னொன்று. பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம், அதற்கு ஒரு பொதுவான அளவுமுறையே கிடையாது. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்ஸ்) என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை) அளந்தது என்பதையும் சேர்த்து. கைக்கு அடக்கமான கிளாஸ் டி ஆம்ப் வாங்கும்போது கூட வருகிற அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தால் மொத்தமே 120 வாட். அதை வைத்துக்கொண்டு இரு பக்கமும் 100, 100 என்று தொடர்ந்து தர முடியாது. அதுவும் 24 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்கு 30 வாட் சுமார்தான் சுத்தமாக வரும். வீட்டுக்கு அதுவே தாராளம், அதனால் ஆம்ப் மோசம் என்று சொல்லவில்லை, பெட்டி மேல் இருக்கிற எண்ணை நம்பி விலை கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

ப்ளூடூத்தா, வைஃபையா?

வைஃபை. பாட்டின் தரம் ஒரு காரணம், அன்றாட வசதி அதைவிடப் பெரிய காரணம்.

ப்ளூடூத்தில் பாட்டு முதலில் போனுக்கு வந்து, அங்கே இன்னொரு முறை சுருக்கப்பட்டு, அப்புறம் ஸ்பீக்கருக்குப் போகிறது. எல்லாக் கருவியிலும் இருக்கிற எஸ்பிசி என்ற முறை வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரைதான் போகும். நன்றாகச் செய்யப்பட்ட கருவியில் இது கேட்கச் சகிக்காதபடி இருக்கும் என்பதெல்லாம் மிகை, ரொம்பப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. எரிச்சல் வேறு இடத்தில் வருகிறது: போனில் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், நோட்டிஃபிகேஷன் சத்தம் ஸ்பீக்கரில் அலறும், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பாட்டு போய்விடும்.

ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் போன்றவற்றில் போன் வெறும் ரிமோட். எந்தப் பாட்டு என்று போன் சொல்லிவிடும், ஸ்ட்ரீமர் நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போனை அணைத்துவிட்டால்கூடப் பாட்டு ஓடும். ஏர்ப்ளே வைஃபையில்தான் போகிறது என்றாலும், ஐபோனிலிருந்து அனுப்பும்போது பெரும்பாலும் பாட்டு போன் வழியாகத்தான் வரும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை: நீங்கள் சந்தா கட்டுகிற ஆப் எது, அது இந்தக் கருவியோடு எந்த வழியில் பேசும்? உங்களுடையது யூட்யூப் மியூசிக் என்றால் கூகுள் காஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே வைஃபை உண்டு என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கி, கடைசியில் கம்பெனியின் சொந்த ஆப்புக்குள்ளேதான் எல்லாம் செய்ய வேண்டும் என்று தெரியவரும்போது கடுப்பாக இருக்கும்.

ஸ்ட்ரீமர் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர் நல்லதா, தனியாக வாங்குவது நல்லதா?

உள்ளே இருப்பது வசதி, வெளியே இருப்பது நிம்மதி. ஸ்பீக்கரின் ஆயுளும் மென்பொருளின் ஆயுளும் ஒன்றல்ல. கூகுள் 2015இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன வட்டப் பெட்டியைப் பலர் ஆசையாக வைத்திருந்தார்கள். 2019 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதன்பின் 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க அவை ஒரே நேரத்தில் காஸ்ட் ஆகாமல் நின்றன. சில நாளில் அப்டேட் அனுப்பிச் சரி செய்தார்கள். அது ஒரு தனிப் பெட்டி என்பதால், மோசமாகப் போயிருந்தாலும் நஷ்டம் பெட்டியோடு முடிந்திருக்கும். அதே சங்கதி விலை உயர்ந்த ஸ்பீக்கருக்குள் இருந்தால்? எல்லாம் உள்ளடக்கியதை வாங்கினாலும், பின்பக்கம் ஒரு சாதாரண ஆர்சிஏ (சிவப்பு வெள்ளை ஓட்டை) அல்லது ஆப்டிகல் (ஒளியாகச் சிக்னல் வரும்) இன்புட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாளைக்கு உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமர் செத்தாலும் வெளியே ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

காசு சுத்தமாக இல்லையா, டிராயரில் கிடக்கிற பழைய போனை எடுங்கள். ஹெட்போன் ஓட்டை இருந்தால் 3.5 மிமீயிலிருந்து ஆர்சிஏ போகும் ஒரு கேபிள், இல்லாவிட்டால் யூஎஸ்பி சி டாங்கிள் ஒன்று. அந்தப் போனிலும் ஸ்பாட்டிஃபையைப் போட்டு ஆம்பில் செருகிவைத்தால், கையில் இருக்கிற போனிலிருந்து அதை இயக்கலாம். கைவேலை பிடிக்கும் என்றால் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் வாலுமியோ அல்லது மூட் என்ற பாட்டு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், அருமையாக வேலை செய்யும்.

லாஸ்லெஸ், ஹைரெஸ் எல்லாம் அவசியமா?

லாஸ்லெஸ் என்றால் எதையும் இழக்காமல் சுருக்கிய பாட்டு, ஹைரெஸ் என்றால் சிடியைவிட உயர்ந்த எண்கள். சந்தாவில் சேர்ந்தே வந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அதற்காக ஸ்பீக்கர் காசைக் குறைக்காதீர்கள். ஆப்பிள் மியூசிக் 2021இலேயே லாஸ்லெஸ் கொடுத்துவிட்டது, ஸ்பாட்டிஃபையும் 2025இல் பல நாடுகளில் தர ஆரம்பித்தது. சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதில் 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒலி அடங்கிவிடும், நல்ல இளம் காதே 20 வரைதான் கேட்கும். அதற்கு மேல் போகிற ஹைரெஸ் எண்களுக்காக முதல் செட்டில் ஒரு காசும் கூடச் செலவழிக்க வேண்டாம். டேட்டா அளவாக உள்ளவர்கள் ஒன்று கவனியுங்கள்: 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி ஆகும், லாஸ்லெஸ் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும்.

அதைவிட முக்கியம், ஆப்பின் செட்டிங்கில் தரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. ஆட்டோமேட்டிக் என்றோ நார்மல் என்றோ இருக்கும், அதை உயர்ந்ததுக்கு மாற்றுங்கள். வெறும் இரண்டு ஸ்பீக்கர் என்பதால் டால்பி அட்மாஸ் என்ற பல திசை ஒலியை ஆஃப் செய்துவிட்டு, கலைஞர்கள் செய்த ஸ்டீரியோ மிக்ஸையே கேளுங்கள்.

தனியாக டாக் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இப்போது சாதாரண ஸ்ட்ரீமருக்குள் இருப்பதே போதுமான அளவு சுத்தமாக இருக்கிறது.

கேபிள்?

ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மிமீ செம்பு வயர், அவ்வளவுதான். முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே மாதிரி பளபளவென்று இருக்கும். பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் (கீழ் ஒலி) காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

எங்கே வைப்பது?

செலவில்லாமல் கிடைக்கிற மிகப் பெரிய முன்னேற்றம் இதில்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பப் பேர் அலமாரியில் இடம் எங்கே காலியோ அங்கே வைத்துவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும், இரண்டு மீட்டர் என்றால் மூன்று பக்கமும் இரண்டு மீட்டர். ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் உங்கள் காது உயரத்தில். தரையிலோ அலமாரி உச்சியிலோ வைத்தால் ட்வீட்டரின் கூர்மை உங்களைத் தாண்டிப் போய்விடும். ஸ்டாண்ட் வாங்க முடியாவிட்டால் கனமான ஸ்டூல் போதும், ஆடாமல் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். மேஜைமேல் வைத்தால் முன்பக்கத்தை லேசாகத் தூக்கி ட்வீட்டரைக் காதைப் பார்க்க வையுங்கள்.

பின்சுவரிலிருந்து முதலில் ஒரு முழம் முன்னே இழுத்து வைத்துக் கேளுங்கள். சுவருக்கு நெருங்க நெருங்க பேஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடி எல்லாமே கும்மென்று ஆகிவிடும். பேஸ் பற்றவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே தள்ளுங்கள். இது ஸ்பீக்கரின் குணம் மட்டுமல்ல, அறையின் வேலையும்கூட. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 4 மீட்டர் நீள அறையில் இரண்டு சுவருக்கும் நடுவே ஒலி போய்த் திரும்பி 43 ஹெர்ட்ஸ் சுமாரில் ஒரு பேஸ் சுரத்தை வீங்க வைக்கும், அதே சுரம் அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்தே போகும். எனவே பேஸ் ஒட்டவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் நாற்காலியை அரை மீட்டர் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், தலைக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருந்தால் கட்டாயம் முன்னே வாருங்கள்.

வெறும் சுவரும் வெறும் தரையுமாக உள்ள அறையில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். சடசடவென்று எதிரொலி வந்தால் பாட்டிலும் அது கலக்கும். தரை விரிப்பு, கனமான திரை, துணி உறை போட்ட சோபா, புத்தக அலமாரி, எது இருந்தாலும் உதவும். இரண்டு ஸ்பீக்கருக்கும் பக்கச்சுவர் ஒரே மாதிரி அமையாவிட்டால் பரவாயில்லை, பேலன்ஸை ஒரு கோடு தள்ளி வைத்துச் சமாளிக்கலாம்.

சப்வூஃபர் இப்போதே வேண்டுமா?

பேஸ் மட்டும் தருகிற அந்தப் பெட்டி இப்போது வேண்டாம், ஆனால் அதை இணைக்கும் சப் அவுட் உள்ள ஆம்பையோ ஸ்பீக்கரையோ தேர்ந்தெடுங்கள். மலிவான 2.1 (இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்) செட்டில் குட்டி ஸ்பீக்கர் இரண்டும் நடுத்தரக் குரலையே ஒழுங்காகத் தர முடியாமல், அதை மறைக்கப் பெட்டி ஒன்று தும் தும் என்று இடித்துக்கொண்டிருக்கும். முதலில் நல்ல ஜோடி. பின்னால் வேண்டுமானால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு சப்.

சவுண்ட்பார்?

அது டிவிக்கு. டிவியும் இதே செட்டில் ஓட வேண்டும் என்றால் டிவியின் ஒலியை வாங்கும் எச்டிஎம்ஐ ஏஆர்சி இன்புட் உள்ள பவர்டு ஸ்பீக்கர் அல்லது ஸ்ட்ரீமிங் ஆம்ப் வாங்குங்கள். டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும் குறையும், பாட்டுக்கு உண்மையான ஸ்டீரியோவும் கிடைக்கும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக, முக்கியமாகப் பாசிவ் ஸ்பீக்கர். வலையை எடுத்துவிட்டு வூஃபரின் ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் ஓரம் என்றால் பதினைந்து இருபது வருஷத்தில் பொடிந்து உதிரும், ரப்பர் நீடிக்கும். பாட்டு ஓடாதபோது வூஃபரின் கூம்பை நேராக லேசாக அழுத்தினால் உரசல் கேட்கக் கூடாது. இரண்டு ட்வீட்டரும் வேலை செய்கின்றனவா என்று காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆம்பில் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்றால் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போய்விடும், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் வேண்டாம்.

வாங்கும் முன் எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

உங்களுக்கு மனப்பாடமான பாட்டோடு போங்கள், விற்பவர் போடுகிற பளபளப்பான டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே குரல் மட்டும் முன்னால் நிற்கிற பாட்டு ஒன்று, தாளவாத்தியம் நிறைய உள்ளது ஒன்று, எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கிற நெரிசலான பாட்டு ஒன்று. இரண்டு ஜோடியை ஒப்பிட்டால் சத்தம் சமமாக இருக்கட்டும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவது எப்போதும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். முதல் நிமிடத்தில் அசத்துகிற ஸ்பீக்கர் பெரும்பாலும் ட்ரெபிளை (உயர் ஒலியை)த் தூக்கி வைத்திருப்பது. அரை மணி நேரம் கேட்ட பிறகும் அணைக்கத் தோன்றவில்லை என்றால் அதை எடுங்கள்.

இரவில் சத்தம் குறைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறதே?

செட்டில் குறை இல்லை. சத்தம் குறையும்போது நம் காது பேஸையும் ட்ரெபிளையும் அதிகமாக விட்டுவிடும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைபடம் போட்டார்கள். லவுட்னஸ் பட்டன் இருந்தால் இரவில் போடுங்கள், பகலில் எடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஈக்யூவில் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) பேஸைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பாட்டு நின்றாலும் உம்ம்ம் என்று இரைகிறது, என்ன செய்வது?

லேப்டாப்பை இணைத்திருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப் (எர்த் வழியாகச் சுற்றும் மின்னோட்டம்), ஆப்டிகல் கேபிளுக்கு மாறினால் போய்விடும், அதில் மின்தொடர்பே இல்லை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுவதும் பல நேரம் உதவும். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

புது ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடினால்தான் அதன் ஒலி முழுதாகத் திறக்கும் என்கிறார்களே?

மாறுவது பெரும்பாலும் நம் காதின் பழக்கம். பிடிக்காத ஸ்பீக்கர் போகப் போகச் சரியாகும் என்று காத்திருந்து, திருப்பிக் கொடுக்கும் கெடுவைத் தாண்டிவிடாதீர்கள்.

வாங்கி வந்த அன்று என்ன பார்க்க வேண்டும்?

முதலில் இடது வலது சரியா என்று ஒரு டெஸ்ட் டிராக் போட்டுப் பாருங்கள், யூட்யூபில் நிறைய இருக்கிறது. அடுத்து ஒரு பழைய மோனோ (இரு பக்கமும் ஒரே ஒலி) பாட்டு: நேராக நடுவில் உட்கார்ந்தால் முழுப் பாட்டும் ஒரே இடத்தில், சரியாக நடுவிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இடது வலது ஸ்பீக்கர் வயரை ஆம்பில் இடம் மாற்றிச் செருகுங்கள். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு ஆம்பிலோ ஸ்ட்ரீமரிலோ, மாறாவிட்டால் ஸ்பீக்கரிலோ அறையிலோ. ஸ்பீக்கர் இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்தும் அதே பக்கமே சாய்ந்தால் அது அறை. ஸ்பீக்கர்தான் என்று தெரிந்தால் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே மாற்றிக் கேளுங்கள்.